கூட வருகிறவர்கள்

(வரதராஜன்பேட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அலங்கார அன்னையின் பெயரால் அறியப்பட்ட ஊர் இது. முந்திரிக்காட்டு உழைப்பால் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஊர். இந்த ஊரில் புற்றுநோய் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நோயைப் பற்றிச் சொல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பற்றி. மருத்துவமனை வராந்தாவில் மடியில் ஃபைலும் பக்கத்தில் சோற்றுத் தூக்கும் வைத்துக்கொண்டு, எப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களோ என்று காத்திருக்கிறார்களே, அவர்களைப் பற்றி.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்க்கு மருந்து கொடுப்பது மருத்துவமனையின் வேலை. அந்தச் சிகிச்சையை நோயாளி பாதியில் விடாமல் முடிக்கும்படி செய்வது குடும்பத்தின் வேலை. அந்தக் குடும்பம் ஓய்ந்து விழுந்துவிடாமல் தாங்குவது ஊரின் வேலை. முதல் வேலைக்குப் பெரிய படிப்பும் பெரிய கருவிகளும் வேண்டும். மற்ற இரண்டுக்கும் நாம் போதும். ஆனால் அன்பு இருந்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. இதற்கும் ஒரு முறை உண்டு. அதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறே ஒரு குடும்பத்தின் துக்கத்தோடு பின்னிக் கிடக்கிறது. புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30ஆம் நாள் பிறந்தவர் முத்துலட்சுமி. பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அரிதாக இருந்த காலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912இல் மருத்துவரானார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1920களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்துபோனார். எண்ணிப் பாருங்கள். அக்காள் மருத்துவர். அக்காள் கணவரும் மருத்துவர். அப்படிப்பட்ட வீட்டிலேயே அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய் என்றால் சாவுதான், அதற்குத் தனியாக ஒரு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஆட்சியில் இருந்தவர்களிடமும் ஊறிக் கிடந்த காலம் அது.

முத்துலட்சுமி அந்தத் துக்கத்தை உள்ளேயே வைத்துப் புழுங்கவில்லை. 1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்து அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். இத்தனைக்கும் நடுவில் தங்கையின் சாவு அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று எழுந்து சொன்னார். பிறகு இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டினார். 1952 அக்டோபர் 10ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது.

அந்த நிலையத்தை எழுப்புவதில் தாய்க்குத் தோள் கொடுத்தவர் மகன் கிருஷ்ணமூர்த்தி. சித்தி இறந்தபோது சிறு பிள்ளையாக இருந்தவர், வளர்ந்து புற்றுநோய் மருத்துவரானார். 1955இல் அவரோடு வந்து சேர்ந்தவர் மருத்துவர் சாந்தா. அந்த வளாகத்திலேயே குடியிருந்து, 2021 ஜனவரி 19ஆம் நாள் இறக்கும்வரை அந்த நோயாளிகளையே தன் குடும்பமாகக் கொண்டார். தங்கையின் சாவுக்கும் மருத்துவமனையின் திறப்புக்கும் இடையில் ஏறத்தாழ 30 ஆண்டுகள். அந்த 30 ஆண்டுகளும் அந்தக் குடும்பம் தன் துக்கத்தை உழைப்பாக்கிக்கொண்டே இருந்தது.

நம்மால் மருத்துவமனை கட்ட முடியாமல் போகலாம். ஆனால் அந்தக் குடும்பம் செய்ததன் சாரம் எந்த வீட்டுக்கும் பொருந்தும். நமக்கு வந்த துயரத்தை வைத்துக்கொண்டு நாளைக்குச் செய்ய வேண்டிய வேலை என்ன என்று கேட்பதே அந்தச் சாரம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு ஐம்பது வயது. சில மாதங்களாக வெள்ளைப்படுதல். நின்றுபோன தீட்டு மறுபடியும் படுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் மகள் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாள். சதைப் பரிசோதனை முடிவு வருகிறது: கருப்பைவாய்ப் புற்றுநோய். ஐந்து வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், வாரம் ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகு உள்ளே வைக்கும் கதிர்வீச்சு சில தடவை என்று சொல்கிறார்கள். அம்மா என்ன சொல்வாள்? “இப்பதான் முந்திரிக்கொட்டை விழ ஆரம்பிச்சிருக்கு. பொறுக்கி முடிச்சிட்டுப் போய்க்கிறேனே.”

இந்த இடத்தில்தான் குடும்பத்தின் வலிமை சோதிக்கப்படுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையை, தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ எட்டு வாரத்துக்குள் முழுவதும் முடித்துவிட வேண்டும் என்பது மருத்துவ விதி. அதற்கு மேல் நாள் தள்ளத் தள்ள நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைகிறது. கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாள். ஒரு வாரம் திருவிழா, ஒரு வாரம் கல்யாணம், ஒரு வாரம் கையில் காசில்லை என்று விட்டால், இடைவெளியில் மிஞ்சியிருக்கும் புற்று அணுக்கள் மறுபடி பெருகுகின்றன. பாதி முடித்த சிகிச்சை பாதிப் பலன் தரும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை, பாதியில் விட்டால், பட்ட வேதனை முழுவதும் வீணாகிப் போகலாம்.

அமெரிக்காவில் 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. பத்து வகைப் புற்றுநோய் கொண்ட 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். திருமணமாகித் துணையோடு வாழ்ந்தவர்கள், தனித்து வாழ்ந்தவர்களைவிட நோய் பரவுவதற்கு முன்பே மருத்துவரிடம் வந்திருந்தார்கள். உரிய சிகிச்சையை அவர்களே அதிகமாகப் பெற்றிருந்தார்கள். புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பும் அவர்களுக்கு 20 விழுக்காடு குறைவாக இருந்தது. “வா, போய்ப் பார்த்துவிடலாம்” என்று கையைப் பிடித்து இழுக்கவும், “இன்றைக்கு ஊசி நாள், மறந்துவிடாதே” என்று சொல்லவும் ஓர் ஆள் இருப்பதன் பலன் அது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்த ஆள் கணவனாகவோ மனைவியாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. மகள், தம்பி, கொழுந்தனார், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் ஒரே ஓர் ஆள் மட்டும் எல்லாவற்றையும் சுமக்கக் கூடாது. நம் வீடுகளில் நடப்பது அதுதான். மூத்த மகள் ஒருத்தி, அல்லது மருமகள் ஒருத்தி. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறவளும் அவளே, வீட்டில் சமைக்கிறவளும் அவளே, ராத்திரி வாந்தி எடுத்தால் எழுந்து தாங்குகிறவளும் அவளே. மூன்றாம் மாதம் அவளே படுத்துவிடுகிறாள். படிக்கிற பெண்ணாக இருந்தால் பள்ளிக்கூடமோ கல்லூரியோ நின்றுபோகிறது. தாய்க்குச் செய்வது கடமை என்று எல்லோரும் அவளைப் பாராட்டுகிறார்கள். யாரும் அவள் வேலையில் பங்கு கேட்பதில்லை.

ஆகவே முதல் வேலை, உறவெல்லாம் ஒருநாள் உட்கார்ந்து வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது. கல்யாணத்துக்கு உட்கார்ந்து பந்தல் யார், சமையல் யார், பத்திரிகை யார் என்று பேசுகிறோமே, அதே அக்கறையோடு பேச வேண்டும். ஃபைலை ஒருவர் பொறுப்பில் வையுங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாம் தேதி வரிசையில் ஒரே பையில் இருக்கட்டும், ஒவ்வொரு மருத்துவமனையிலும் கேட்கும் முதல் கேள்வி “பழைய ரிப்போர்ட் எங்கே?” என்பதுதான். பணக்கணக்கும் காப்பீடும் இன்னொருவர் பொறுப்பு. கூடப் போய்வர இரண்டு மூன்று பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஒரு சித்தியோ அத்தையோ முன்வரட்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன், பணம் அனுப்பியதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். தினமும் சாயங்காலம் போனில் அம்மாவோடு அரை மணி நேரம் பேசுவது அவன் பொறுப்பு என்று வையுங்கள். அந்த அரை மணி நேரம் கூட இருப்பவளுக்கு ஓய்வு.

ஆண்களுக்கு நான் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கணவனுக்கு நோய் என்றால் மனைவி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் போய் உட்காருகிறாள். மனைவிக்கு நோய் என்றால், மருந்து ஏற்றிக்கொண்டு வந்த மறுநாளே அவள் அடுப்பங்கரையில் நிற்கிறாள். சில வீடுகளில் “கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வா” என்று அனுப்பிவைக்கிறார்கள், திரும்ப அழைப்பதில்லை. இது நம் நாட்டு நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், மூளைக்கட்டி, புற்றுநோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட 515 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். கணவன் நோயாளியாக இருந்த குடும்பங்களில் 2.9 விழுக்காடு பிரிந்தன. மனைவி நோயாளியாக இருந்த குடும்பங்களில் 20.8 விழுக்காடு பிரிந்தன. ஏழு மடங்கு. இந்தக் கணக்கைக் கேட்டு வெட்கப்பட்டால் மட்டும் போதாது. கஞ்சி வைக்கவும், துணி துவைக்கவும், வாந்திப் பாத்திரத்தைக் கழுவவும் ஆண்கள் கற்றுக்கொள்ள வேண்டும். கைப்பிடித்த அன்று கொடுத்த வாக்குறுதிக்கு அதுதான் அர்த்தம்.

அடுத்தது, உண்மை. பரிசோதனை முடிவு வந்த அன்று, மகன் மருத்துவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய்க் கெஞ்சுகிறான்: “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க.” இது அன்பினால் வருவது. எனக்குப் புரிகிறது. ஆனால் கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில் ஐந்து வாரம் உட்காரும் அம்மாவுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே சொல்லிவிடுவார். அவளுக்குத் தெரியும், தெரியும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் இருக்கிறாள். பிள்ளைகளுக்கும் தெரியும், அவளுக்குக் காட்டாமல் இருக்கிறார்கள். ஒரே வீட்டுக்குள் எல்லோரும் தனித்தனியாக அழுகிறார்கள். வலித்தாலும் அம்மா சொல்வதில்லை, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று. சந்தேகம் வந்தாலும் கேட்பதில்லை. சிகிச்சை எதற்கு என்று தெரியாதவர், அது கஷ்டமாக இருக்கும்போது எதற்காகத் தொடர்வார்?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டச் சொல்லவில்லை. அவருக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் கேளுங்கள். பெயரைச் சொல்லுங்கள், சிகிச்சையைச் சொல்லுங்கள், எத்தனை வாரம் என்று சொல்லுங்கள், கூட யார் வருவார்கள் என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி விவரம்தான் அவருக்கு மிகப் பெரிய தைரியம். பிள்ளைகளிடமும் அவர்கள் வயதுக்கு ஏற்ப உண்மையைச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் சிறு பிள்ளைகள், தாங்கள் சேட்டை செய்ததால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனது என்றுகூட நினைத்துக்கொள்கிறார்கள்.

இனி, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில செய்திகள். புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய் என்று ஒதுக்கி வைப்பது பாவம். வெளியிலிருந்து கரண்ட் வைத்துக்கொண்டு வந்தவர் உடம்பில் கதிர்வீச்சு எதுவும் மிஞ்சி இருப்பதில்லை; பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம். சதை எடுத்துச் சோதித்தால் புற்று பரவிவிடும், கத்தி பட்டால் பெருகிவிடும் என்பதெல்லாம் வெறும் பயம். அந்தப் பயத்தில் நாட்டு மருந்து, பத்தியம் என்று கழிக்கும் மூன்று மாதம், குணமாகக்கூடிய நோயைக் குணமாகாத நோயாக்கிவிடும்.

கீமோ மருந்து ஏற்றிய ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள்வரை, பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். கிருமியை எதிர்க்கும் படை உடம்பில் இல்லாத நாட்கள் அவை. அந்த வீட்டில் கட்டாயம் ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால் கஷாயம் போட்டுக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் கீமோ நடப்பதை முதலில் சொல்லுங்கள். இப்போது அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12ஆம் நாள் திறக்கப்பட்டது. பெரிய சிகிச்சைக்குத் தஞ்சாவூரோ திருச்சியோ புதுச்சேரி ஜிப்மரோ போகிறவர்களுக்கும், அவசரத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் உண்டு.

சாப்பாட்டில் பத்தியம் வைத்து நோயாளியைப் பட்டினி போடாதீர்கள். சிகிச்சையைத் தாங்கச் சத்து வேண்டும். வேகவைத்த முட்டை, பருப்பு, மீன், குழைந்த சோறு, கொதித்து ஆறிய தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வாய்ப்புண் இருந்தால் காரத்தைக் குறையுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அந்த வாரம் பார்க்கப் போகாமல் இருப்பதே பெரிய உதவி.

முடி கொட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். சில கீமோ மருந்துகளில் இரண்டு மூன்று வாரத்துக்குள் முடி கொட்டும். சிகிச்சை முடிந்ததும் வளரும். இது தெரிந்திருந்தும் பெண்கள் உடைந்து போவது இந்த நேரத்தில்தான். வேளாங்கண்ணியிலும் சமயபுரத்திலும் ஆணும் பெண்ணும் குழந்தையும் மொட்டை போட்டுக்கொள்ளும் மண் நம்முடையது. மொட்டைத் தலையைப் பார்த்ததும் “எந்தக் கோயில் வேண்டுதல்?” என்று மரியாதையோடு கேட்கத் தெரிந்தவர்கள் நாம். சிகிச்சையில் முடி இழந்த ஒரு தாயையும் அதே மரியாதையோடு பார்க்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

பணத்துக்கு வருவோம். பல குடும்பங்களை நோயைவிட முதலில் வீழ்த்துவது கடன். நகை அடகு, வட்டிக்கு வாங்கிய பணம், பிறகு முந்திரிக்காடு கைமாறுவது. விற்பதற்கு முன் அரசின் திட்டங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவை இதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். விவரம் கேட்கக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. நோய் வந்த பிறகு இந்தக் காகிதத்துக்காக அலைவது கொடுமை. நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு, மருத்துவமனை தரும் சான்றைக் காட்டினால், இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு சலுகை. படுக்கை வசதிப் பெட்டியில் கட்டணமே இல்லை. கூடப் போகும் ஒருவருக்கும் 75 விழுக்காடு சலுகை உண்டு. அரியலூரிலும் விருத்தாசலத்திலும் ரயில் ஏறுகிறவர்கள் பலருக்கு இது தெரியாது.

ஆனால் காப்பீடு சிகிச்சைக்குத்தான். ஐந்து வாரம் வெளியூரில் தங்கும் செலவு, கூட இருப்பவரின் சாப்பாடு, இரண்டு பேர் இழந்த கூலி ஆகியவற்றை எந்த அட்டையும் தருவதில்லை. சிகிச்சை பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவில்தான். பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் காசில்லாமல் ஓர் உயிர் நழுவிப் போவதை ஓர் ஊர் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

இங்கேதான் ஊரின் வேலை தொடங்குகிறது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிறிய அமைப்பைத் தொடங்கினார்கள். தீராத நோயாளிகளின் வலியைத் தணிப்பதே நோக்கம். சில ஆண்டுகளில் அவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: எத்தனை மருத்துவர்கள் வந்தாலும் போதாது, அக்கம்பக்கத்தார் இறங்கினால்தான் நடக்கும். வாரத்தில் இரண்டு மணி நேரம் தரக்கூடியவர்கள் வாருங்கள் என்று அழைத்தார்கள். மீன் விற்கிறவர், ஆசிரியர், கல்லூரி மாணவர், இல்லத்தரசி என்று ஆயிரக்கணக்கானவர்கள் பயிற்சி பெற்றார்கள். புண் கழுவினார்கள், அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். 2008இல் கேரள அரசு அதையே கொள்கையாக ஏற்றது.

அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? இந்த ஊரில் அன்பியங்கள் இருக்கின்றன. வாரந்தோறும் வீடு வீடாகக் கூடி ஜெபமாலை சொல்கிறீர்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. பைசா பிசகாமல் கணக்கு எழுதத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் சிகிச்சையில் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளட்டும். இந்த வாரம் கூடப் போவது யார், மூன்று நாள் மதியச் சாப்பாடு யார் வீட்டிலிருந்து, மாட்டுக்குத் தீவனம் யார், முந்திரிக்கொட்டை பொறுக்கிக் கொடுப்பது யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்த அம்மாவின் காட்டில் கொட்டை பொறுக்க நான்கு பேர் இருந்தால், அவள் சிகிச்சையை ஒத்திப் போட வேண்டியதே இல்லை. ஜெபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜெபம் மனத்தைத் தாங்குகிறது. ஆஸ்பத்திரிப் பயணத்தை நாம் தாங்க வேண்டும். நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் மாதாவை அடைக்கல அன்னை என்று வணங்கினார். அடைக்கலம் கேட்டு வந்தவருக்கு மனிதர்கள்தான் கதவைத் திறக்க வேண்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “எங்க பெரியம்மாவுக்கும் இதேதான், ஆறு மாசம்கூடத் தாங்கல” என்ற கதையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். “என்ன பாவம் பண்ணினீங்களோ” என்று சொல்லாதீர்கள். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்பதும் பயனில்லை. கஷ்டத்தில் இருப்பவர் கேட்க மாட்டார். “செவ்வாய்க்கிழமை நான் வர்றேன், நீங்க தூங்குங்க” என்று சொல்லுங்கள். சொன்ன நாளில் போய் நில்லுங்கள்.

எல்லாருடைய நோயும் குணமாகிவிடாது. இதையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்ததாகாது. இனிமேல் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை என்று மருத்துவர் சொல்லும் நாள் சில குடும்பங்களுக்கு வரும். அப்போது “கையை விரித்துவிட்டார்கள்” என்கிறோம். கையை விரிக்க வேண்டியதில்லை. குணப்படுத்த முடியாத நோயிலும் வலியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்த முடியும். மார்ஃபின் என்ற வலிநிவாரணி மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்தால் நோயாளி வலியின்றித் தூங்க முடியும், பேச முடியும், பேரனின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியும். போதைக்கு அடிமையாகிவிடுவார்கள் என்ற பயத்தில் அந்த மாத்திரையை மறுப்பது கொடுமை. 2014இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, வலிக்காக இந்த மருந்து கிடைக்க வழியை எளிதாக்கியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கே செவிலியர் வந்து வலி தணிப்புச் சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், கேட்டுப் பெறுங்கள்.

அந்தக் கடைசி மாதங்களிலும் குடும்பம் தோற்றுப்போய்விடவில்லை. வலியில்லாமல், தன் வீட்டில், தன் மனிதர்கள் சூழ ஒருவரை இருக்கச் செய்வதும் ஒரு முழுமையான வெற்றி. பிறகு, பார்த்துக்கொண்டவரை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். காரியம் முடிந்து பந்தலைப் பிரித்ததும் ஊர் கலைந்துவிடுகிறது. அந்த மகளுக்கு வெறுமை தொடங்குவது அன்றைக்குத்தான். படிப்பை நிறுத்தியிருந்தால் மறுபடி சேர்த்து விடுங்கள். வேலையை விட்டிருந்தால் வேலை தேடிக் கொடுங்கள்.

இன்னும் ஒன்று. பெண்களே, முப்பது வயதுக்கு மேல் கருப்பைவாய்ப் பரிசோதனையையும் மார்பகப் பரிசோதனையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்துகொள்ளுங்கள். உடலுறவுக்குப் பிறகோ, தீட்டு நின்ற பிறகோ ரத்தம் பட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்திருக்கிறது; உங்கள் மகளுக்கும் பேத்திக்கும் கேட்டுப் போடுங்கள். ஆண்களே, ஹான்ஸ் புகையிலையையும் பீடியையும் விட்டுவிடுங்கள். வாயில் ஆறாத புண் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் காட்டுங்கள்.

முடிக்கிறேன். முத்துலட்சுமி தன் தங்கைக்குச் செய்ய முடியாமல் போனதை, பிறர் வீட்டுத் தங்கைகளுக்குச் செய்தார். அவர் கட்டியது போன்ற மருத்துவமனைகளும், அரசின் காப்பீடும், நல்ல மருந்துகளும் இன்று நமக்கு இருக்கின்றன. அந்த மருத்துவமனை வாசல்வரை நம் மனிதர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், எட்டு வாரமும் கூட இருந்து திரும்ப அழைத்து வருவதும் நம் கையில்தான் இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் குடும்பத்தின் காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் நாளையே அதற்கு அலையுங்கள். உங்கள் தெருவில் சிகிச்சையில் இருக்கும் வீட்டின் கதவைத் தட்டி, “அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு எந்தத் தேதி? நான் கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள். அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கட்டாயம் போங்கள்.